கல்லூரி விளையாட்டில் பணம் வந்துவிட்டது, கணக்கு யார் தலையில்?

அமெரிக்காவில் வரிக் கணக்கு பார்ப்பது என் தொழில். இரண்டு வருடங்களுக்கு முன், ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு பையன் வந்தான். இருபது வயது, கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறவன். உள்ளூர் கார் வியாபாரி ஒருவர் அவனுக்கு ஒரு வருடம் ஓட்டிக்கொள்ளக் கார் கொடுத்திருந்தார், கூடவே 12,000 டாலர். பதிலுக்கு அவன் இன்ஸ்டாகிராமில் கடையைப் பற்றிப் பதிவு போட வேண்டும். பணம் முழுக்கச் செலவாகிவிட்டது. பாதிக்கு மேல் அம்மாவின் வீட்டு வாடகைக்குப் போயிருந்தது.

கார் அன்பளிப்புதானே, அதற்கு ஏன் வரி என்று கேட்டான். வேலைக்குப் பதிலாக வந்தது அன்பளிப்பு ஆகாது. அதே காரை வாடகைக்கு எடுத்திருந்தால் ஆகும் தொகை, சுமார் 6,000 டாலர், அதுவும் வருமானம்தான். ஆக மொத்தம் 18,000. வருமான வரி அதிகம் வரவில்லை. ஆனால் சுயதொழில் வரி 15.3 சதவீதம் இருக்கிறதே, அதுவே 2,500 டாலரைத் தாண்டியது. வங்கியில் அவனிடம் 300 டாலர்கூட இல்லை. அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடம் மாதத் தவணை கேட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒப்பந்தத்தை முடித்துக் கொடுத்த ஏஜென்ட், கோச், கடைக்காரர் என்று சுற்றி இத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருவர்கூட அவனிடம் வரி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இந்தக் கோபத்துக்குப் பழைய கதை ஒன்றும் காரணம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. பல பத்தாண்டுகள் ஒரே விதியைப் பிடித்துக்கொண்டிருந்தது: ஆடும் மாணவன் ஸ்காலர்ஷிப்பைத் தவிர எதையும் தொடக்கூடாது. தொலைக்காட்சிப் பணம் கோடிகோடியாக வந்தபோதும், கோச்சுகளின் சம்பளம் எங்கேயோ போனபோதும், பையன்களுக்கு மட்டும் அந்த விதி மாறவில்லை. 2014-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைக் கூடைப்பந்துச் சாம்பியனாக்கிய ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பசியோடு படுத்திருக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் சாப்பாட்டு விதியையே தளர்த்தினார்கள். 2017-ல் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக வீரர் டொனால்ட் டி லா ஹே, தன் யூடியூப் சேனலில் வந்த விளம்பர வருமானத்தை விட மறுத்ததால் ஆடும் தகுதியையே இழந்தார்.

தண்டனை யார் மேல் விழுந்தது என்பதையும் பாருங்கள். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆடிய கால்பந்து வீரர் ரெஜி புஷ்ஷின் குடும்பம் பணம் வாங்கியதாக வந்த வழக்கில் 2010 ஜூனில் என்.சி.ஏ.ஏ.வின் தீர்ப்பு வந்தது. 30 ஸ்காலர்ஷிப்களை வெட்டினார்கள், அணிக்கு இரண்டு வருடம் பருவ இறுதிப் பெரிய ஆட்டங்களில் தடை. அப்போது அணியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பணம் கைமாறிய காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தலைமைக் கோச்சோ அந்த ஜனவரியிலேயே தொழில்முறை அணி ஒன்றுக்குப் போய்விட்டார். புஷ் திருப்பிக் கொடுத்த ஹைஸ்மன் கோப்பை (சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்குத் தருவது) 2024-ல்தான் அவர் கைக்கு மறுபடி வந்தது. அந்த ஸ்காலர்ஷிப்கள் கிடைத்திருக்க வேண்டிய பையன்களுக்கு யாரும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில், மாணவர்களின் கல்விச் சலுகைகளுக்கு வரம்பு வைத்ததை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். அடுத்த மாதமே மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க வழி திறந்தது. இதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். அப்புறம் 2025 ஜூன் 6-ல், மாணவர்களுக்குப் பணம் மறுத்ததற்காக என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்தார். 2016 முதல் ஆடியவர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. அதோடு, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் வருடத்தில் மொத்தம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை மாணவர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம். இழப்பீட்டில் பெரும்பங்கு ஆண்களின் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போவதால், கல்வியில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிப் பெண் வீராங்கனைகள் சிலர் மேல்முறையீடு செய்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பணம் வந்தது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விதியைக் காப்பாற்றும் சுமை இன்னும் பத்தொன்பது வயதுத் தோளில்தான் இருக்கிறது. வெளி நிறுவனத்தோடு 600 டாலரோ அதற்கு மேலோ ஒப்பந்தம் போட்டால், டிலாய்ட் என்ற கணக்காய்வு நிறுவனம் நடத்தும் இணையத் தளத்தில் மாணவன் பதிய வேண்டும். தொகை நியாயமானதா, உண்மையான வியாபார நோக்கம் இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். பதியாமல் விட்டால் ஆடும் தகுதிக்கே ஆபத்து.

ஒப்பந்தங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜெர்வான் டெக்ஸ்டர் 2022-ல் ஒரு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் வாங்கினார். அதற்கு ஈடாக, தொழில்முறை ஆட்டத்தில் 25 வருடம் வரை வரும் வருமானத்தில் 15 சதவீதத்தை எழுதிக் கொடுத்தார். அதுவும் வரிக்கு முந்தைய வருமானத்தில். பிறகு அவரே வழக்குப் போட வேண்டி வந்தது. 2024-ல் லாஸ் வேகஸில் மேத்யூ ஸ்லூகா மூன்று ஆட்டங்களோடு அணியை விட்டுப் போனார். வாய்மொழியாகச் சொன்ன 1,00,000 டாலர் வரவில்லை என்றது அவர் தரப்பு. பல்கலைக்கழகம் அதை மறுத்தது. காகிதத்தில் இல்லாததால் யார் சொல்வது சரி என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியவே வழியில்லை.

என்னிடம் வந்த வாலிபால் ஆடும் தமிழ்ப் பெண் ஒருத்தியின் ஒப்பந்தத்தில், அவள் படத்தை "எக்காலத்துக்கும், எந்த ஊடகத்திலும்" நிறுவனம் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. தொகை வெறும் 1,500 டாலர். "ஆன்ட்டி, எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க" என்றாள். வக்கீல் ஒருவரிடம் அனுப்பி, அதை ஒரு வருடம் என்று மாற்றச் சொல்லிக் கேட்கவைத்தேன். நிறுவனம் மறுநாளே ஒத்துக்கொண்டது. கேட்டிருக்காவிட்டால் அவளுக்கு நாற்பது வயதானாலும் அந்தப் படம் அவர்கள் கையில்தான் இருந்திருக்கும்.

வரி விஷயத்தில் நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வது: வரும் ஒவ்வொரு தொகையிலும் நாலில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். வருமான வரியைக் காலாண்டு தோறும் முன்கூட்டிக் கட்ட வேண்டியிருக்கலாம். அதற்கான தேதிகள் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15. பொருளாக வருவதையும் எழுதி வையுங்கள். வசதி குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் உதவித்தொகை வாங்கும் பிள்ளையாக இருந்தால், இந்த வருமானத்தால் அடுத்தடுத்த வருடங்களில் அது குறையலாம்.

இந்தியாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் டென்னிஸோ நீச்சலோ ஆட வரும் பிள்ளைகளின் நிலைமைதான் இதில் மிகக் கஷ்டம். பக்கத்து அறைத் தோழன் விளம்பரத்தில் சம்பாதிப்பான், இவன் அதே பதிவைப் போட்டால் அனுமதியில்லாத வேலை என்று விசாவே போகலாம். கென்டக்கியில் ஆடிய காங்கோ நாட்டு வீரர் ஆஸ்கர் ஷீப்வே, 2022-ல் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரராகத் தேர்வானவர். அவரே அணி பஹாமாஸுக்குப் போனபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே வைத்துத்தான் விளம்பர வேலைகளைச் செய்தார். இலவசச் சட்டை, சப்பாத்துக்காகக்கூடப் பதிவு போடுவதற்கு முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலும் குடியேற்ற வக்கீலிடமும் கேளுங்கள். கோச் "பரவாயில்லை" என்று சொன்னது அங்கே செல்லாது. இன்னொன்று: ஸ்காலர்ஷிப்பில் தங்குமிடம், சாப்பாட்டுக்கான பகுதிக்கு இவர்களிடம் 14 சதவீதம் வரி பிடிப்பார்கள். இந்திய மாணவர்கள் இரு நாட்டு வரி உடன்படிக்கையின் 21-வது பிரிவின்படி நிலையான கழிவை, அதாவது வரி போடாமல் வருமானத்தில் கழிக்கும் தொகையை, கேட்கலாம். அதில் பெரும்பாலும் பிடித்த பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பி வரும். ஆனால் வெளிநாட்டவருக்கான வரிப் படிவமான 1040-என்.ஆர். படிவத்தை நிரப்பிக் கொடுத்தால்தான் வரும்.