ப்ரீச் பிளக்: மீறவும் இல்லை, செருகவும் இல்லை

“மீறல் செருகியைக் கழற்றிச் சுத்தம் செய்யவும்.” அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிய காணொளிகளில் கீழே ஓடும் தமிழ் வரிகளில் இதைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. துப்பாக்கிக் குழலின் பின்முனையை அடைக்கும் ‘ப்ரீச் பிளக்’ என்ற பாகத்தைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். யார் எதை மீறினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் இரண்டு ப்ரீச் உண்டு. ஒப்பந்த மீறல், மதில் உடைப்பு என்ற பொருளில் வருவது ஒன்று. துப்பாக்கியில் வருவது வேறு: முதலில் இடுப்புக்குக் கீழ் உடுத்தும் துணி, பிறகு அந்தத் துணி மூடும் பிட்டம், 16ஆம் நூற்றாண்டு வாக்கில் பீரங்கியின் பின்பகுதி. பிட்டம் முன்னால் வரும் பிரசவத்தை டாக்டர்கள் ப்ரீச் என்பதும் இதே சொல்தான். பிளக் டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது, துளையை அடைப்பது என்று பொருள். வேர்க்கதை இவ்வளவுதான்.

இப்போது பொருளைப் பார்ப்போம். வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற துப்பாக்கியில், குழல் என்பது முதலில் இருபுறமும் திறந்த வெறும் குழாய். அதன் அடிமுனையில் உள்மரை வெட்டி, ஓர் எஃகுத் துண்டைத் திருகி இறுக்கி அடைக்கிறார்கள். மருந்து வெடிக்கும்போது எழும் அழுத்தம் குண்டை முன்னால் தள்ளுவதுபோலவே இந்தத் துண்டையும் பின்னால் தள்ளும். பின்னால் இருப்பது சுடுகிறவரின் முகம். மரைதான் அவரைக் காப்பாற்றுகிறது.

அதனால்தான் ‘மீறல்’ போனாலும் ‘செருகி’ என்னை விடமாட்டேன் என்கிறது. ‘மீறல்’ வெறும் அறியாமை, இயந்திரம் செய்தது என்று சிரித்துவிட்டுப் போகலாம். ‘செருகி’யை விவரம் தெரிந்தவர்களே பரிந்துரைக்கிறார்கள், சுவரில் மாட்டும் மின்செருகி இருக்கிறதே, அதே பிளக்தானே என்கிறார்கள். சரி, பூவைக் கொண்டையில் செருகுகிறோம், கத்தியை உறையில் செருகுகிறோம். செருகினது எல்லாம் இழுத்தால் வரும். இழுத்தால் வரவே கூடாத ஒன்றுக்கு அந்தப் பெயரா? ‘மூடி’ என்பாரும் உண்டு. மூடி வெளியே கவிழ்வது, இது உள்ளே இறங்குவது. ‘அடைப்பான்’ பொருளுக்குக் கிட்டத்தில் வருகிறது, ஆனால் மாடு வளர்ப்பவர் காதில் அது ஆந்த்ராக்ஸ் நோய். தனித்தமிழ் வேகத்தில் ‘பிட்டத்தடை’ என்று ஒன்றையும் பார்த்தேன். ஆங்கிலேயன் பிட்டம் என்றால் நாமும் பிட்டம் என்றே சொல்லவேண்டுமா? தமிழில் குடத்துக்கு அடி, மரத்துக்கு அடி, குழலுக்கும் அடி.

ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் என்று ஏற்கெனவே சொல்கிறோம். மரை வெட்டியதைத் திருகு என்கிறோம். ஆக, குழலடித் திருகு. துப்பாக்கியே துருக்கிப் பக்கமிருந்து வந்த சொல் (குறளில் வரும் துப்பாக்கி வேறு, அது மழையைப் பற்றியது), இதில் மட்டும் என்ன தூய்மை என்று கேட்பவர்கள் ‘ப்ரீச் பிளக்’ என்றே எழுதட்டும், எனக்குச் சண்டை இல்லை. தப்பான தமிழைவிட நேரான கடன்சொல் மேல்.

பெயர் தப்பினால் வேலையும் தப்புகிறது. கரிமருந்து (இந்தத் துப்பாக்கிகளில் போடும் கறுப்பு வெடிமருந்து) எரிந்தபின் அதன் எடையில் பாதிக்குமேல் திடக்கழிவாக மிஞ்சும். அதிலுள்ள பொட்டாசியம் உப்புகள் ஈரத்தை இழுத்து எஃகை அரிக்கும். குழலில் மருந்து இல்லை என்று கம்பி விட்டுப் பார்த்து உறுதிசெய்தபின், திருகைக் கழற்றி, சோப்புக் கலந்த வெந்நீரில் பிரஷ் போட்டு, மரையின் பள்ளங்களில் கறுப்பு போகும்வரை தேய்த்து, ஈரமில்லாமல் துடைக்கவேண்டும். நடுவிலுள்ள பொறித்துளையை மெல்லிய கம்பியால் குத்தி எடுக்கவேண்டும். திரும்ப மாட்டுமுன் மரையில் ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவவேண்டும், இல்லையென்றால் அடுத்தமுறை ஸ்பானருக்கு அசையாது. ஆங்கிலத்தில் ‘சீஸ்’ என்றால் இறுகிப் பிடிப்பதும் உண்டு, பறிமுதலும் உண்டு. இந்தக் கிரீஸை ஒருவர் ‘பறிமுதல் எதிர்ப்புப் பசை’ என்று மொழிபெயர்த்திருந்தார். போலீஸ்காரர் துப்பாக்கியைப் பறிமுதல் செய்யாமல் இருக்கப் பூசுவது என்று நினைத்தாரோ என்னவோ. மரை இறுகாமல் பூசும் கிரீஸ் என்றால் மெக்கானிக் ஷெட் பையனுக்குக்கூடப் புரியும்.

இன்னொரு கோளாறு. ‘கழற்றி’ என்பது எல்லா வாய்வழித் துப்பாக்கிக்கும் பொருந்தாது. அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர் டோனி நைட் 1985இல் கொண்டுவந்த எம்.கே.-85 என்ற துப்பாக்கிக்குப் பிறகு அமெரிக்காவில் பரவிய இன்லைன் வகையில்தான் (பொறி குழலுக்கு நேர் பின்னாலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் வகை) குழலடித் திருகு சுத்தம் செய்வதற்காகவே கழலும்படி அமைந்திருக்கிறது. பழைய பாணித் தீக்கல் துப்பாக்கியில் பொதுவாக அது ஒருமுறை இறுக்கியதோடு சரி. வெந்நீரைக் குழல்வழியாகவே விட்டுக் கழுவவேண்டும். காணொளியின் ஆங்கில மூலத்தில் ‘இன்லைன்’ என்று தெளிவாக இருந்ததை ‘வரிசையில்’ என்று மாற்றிவிட்டார்கள். வரிசையில் நிற்கும் எல்லாத் துப்பாக்கியையும் கழற்றச் சொன்னது போல் ஆகிவிட்டது.