அவோய் பாதியில் இறங்கிய மலை

போன மாதம் ஓர் இளைஞர் கிளினிக்குக்கு வந்தார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. உட்கார்ந்ததும் செல்போனை நீட்டினார். அதில் ஜப்பான் பயணத் திட்டம். "இதுக்கு ஏதாவது மாத்திரை எடுத்துக்கணுமா டாக்டர்?"

பட்டியலைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். டென்ரான், டக்காவோ, மிட்சுடோகே, ஃபூஜி. 'யாமா நோ சுசுமே' என்ற மங்காவில், அதாவது ஜப்பானிய காமிக்ஸில், அவோயும் அவள் தோழி ஹினாட்டாவும் ஏறும் மலைகள். என் மகள் படிப்பதை எட்டிப் பார்த்துத்தான் எனக்கும் பழக்கம்.

கதையில் வரும் இடங்கள் எல்லாம் நிஜம். டோக்கியோவுக்குப் பக்கத்தில் ஹன்னோ என்ற ஊர். அங்கே உள்ள டென்ரான் வெறும் 197 மீட்டர். 1883இல் பேரரசர் மெய்ஜி அதன் மேல் நின்று ராணுவப் பயிற்சியைப் பார்த்ததால் வந்த பெயர் அது. டக்காவோ 599 மீட்டர், பாதி தூரம் கேபிள் காரிலேயே போகலாம். மிட்சுடோகே 1,785 மீட்டர், எதிரே ஃபூஜி தெரியும். இந்த மூன்றுக்கும் நல்ல ஷூவும் தண்ணீரும் போதும், மாத்திரை எதற்கு?

ஃபூஜி வேறு விஷயம். 3,776 மீட்டர். உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான்.

"சின்ன மலையெல்லாம் ஏறிட்டுத்தானே போறேன், உடம்பு பழகிடாதா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள். சின்ன மலைகளில் பழகுவது கால்கள். குறைந்த ஆக்சிஜனுக்கு உடம்பு பழக, உயரத்தில் தங்க வேண்டும். அவோயும் அந்த மூன்றையும் ஏறிவிட்டுத்தான் ஃபூஜிக்குப் போனாள். அப்படியும் உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் வந்து, உச்சியைத் தொடாமலே இறங்கினாள். கூட வந்த ஹினாட்டா மேலே போய்விட்டாள். ஒரே வயது, ஒரே பாதை. ஒருத்திக்கு வந்தது, இன்னொருத்திக்கு வரவில்லை. நிஜத்திலும் அப்படித்தான். ஜிம் போகும் உடம்புக்குச் சலுகை எதுவும் இல்லை.

அவர் திட்டத்தில் என்னைப் பயமுறுத்தியது வேறு. மாலை பஸ்ஸில் ஃபூஜிக்கு ஏறும் யோஷிடா பாதையின் ஐந்தாம் ஸ்டேஷன் (மலையின் பாதி வழியில் பஸ் நிற்கும் இடம்), இரவெல்லாம் ஏற்றம், விடியலில் உச்சி. அந்த ஸ்டேஷனே சுமார் 2,300 மீட்டர். அதாவது, மதியம் கடல் மட்டத்தில் சாப்பிட்ட மனிதர் தூங்காமல் மறுநாள் காலை 3,776இல் நிற்கிறார். ஜப்பானியர்கள் இதை 'டாங்கன் டோஸான்' என்பார்கள், துப்பாக்கிக் குண்டு போல ஏறுவது. இதைத் தடுக்கத்தான் 2025 முதல் அந்தப் பாதையின் கேட்டை மதியம் 2 மணிக்கு மூடி, அதிகாலை 3 மணிக்குத் திறக்கிறார்கள். மலைக்குடிலில் படுக்கை பதிவு செய்தவர்களுக்கு மட்டும் விலக்கு. கட்டணம் 4,000 யென். இந்த விதி அவருக்குத் தெரியவே தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? பகலில் போய் ஐந்தாம் ஸ்டேஷனில் ஒரு மணி நேரமாவது சும்மா உட்காருங்கள். மெதுவாக ஏறி, குடிலில் இரவு தங்குங்கள். தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசாத்தியக் களைப்பு சேர்ந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். குறையவில்லை என்றால் இறங்குங்கள். அங்கே கேனில் விற்கும் ஆக்சிஜன் சில நிமிட ஆறுதல்தான். உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. சல்ஃபா வகை மருந்துகளுக்கு அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஆபத்தாகலாம், அதனால் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். உடனே உதவி கேட்டு, துணையோடு இறங்க வேண்டும்.

நடையை எப்படிச் சோதிப்பது என்றார். அறையிலேயே ஒரு காலின் குதிகாலை மற்ற காலின் விரல்களோடு ஒட்டி ஒட்டி, தரை டைல்ஸின் கோட்டில் நடக்கச் சொன்னேன். பத்து அடி ஒழுங்காக நடந்தார். "இதை உங்ககூட வர்ற நண்பருக்கும் சொல்லிக் கொடுங்க," என்றேன். "மேலே உங்களைப் பார்த்து அவர்தான் சொல்லணும், உங்களுக்கே தெரியாது."