வெடித்த இடத்தைக் கழுவாதீர்கள்

இரண்டு வாரங்களுக்கு முன்பு ஓர் இரவு என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இப்போது அவர் தடயவியல் துறையில் அதிகாரி. ஓர் அரசியல் பிரமுகரின் காரைக் குறிவைத்துக் குண்டு வைத்திருக்கிறார்கள். அவர் வண்டியை நெருங்குவதற்குள் வெடித்துவிட்டதால் உயிர் தப்பினார். ஓட்டுநருக்குக் காலில் பலத்த காயம். "நீங்களும் கூட வந்தால் நன்றாக இருக்கும் சார்" என்றார். ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் இப்படி யாராவது கூப்பிட்டால் போகாமல் இருக்க முடிவதில்லை.

வெடித்தது இரவு ஒன்பதேகால் மணிக்கு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விடியற்காலை மூன்று மணி. தெரு பளிச்சென்று இருந்தது. லாரித் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டிருந்தார்கள். இரண்டு ஓரங்களிலும் பிளீச்சிங் பவுடர். காலையில் தலைவர்கள் ஆறுதல் சொல்ல வருகிறார்களாம். குண்டு தோண்டிய பள்ளத்தில் ஜல்லியும் மண்ணும் கொட்டி மட்டப்படுத்தியிருந்தார்கள். காரை கிரேன் வைத்துத் தூக்கிக் கொண்டுபோய் வேறோர் இடத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

வெடிபொருள் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இப்படிக் கழுவப்பட்ட இடங்களை எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். அன்று அந்த ஈரத் தார்ச்சாலையில் மண்டியிட்டு உட்கார்ந்தபோது பொறுமை போய்விட்டது. ஏன் கழுவினீர்கள் என்று கேட்டேன். ஊர்ப் பெரியவர் ஒருவர், மரியாதையாகத்தான், பதில் சொன்னார்: "எல்லாம்தான் வெடித்துச் சாம்பலாகிவிட்டதே ஐயா, இனி அங்கே என்ன இருக்கப் போகிறது?"

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் நான் வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். படித்தவர், படிக்காதவர், சில நேரங்களில் காவலர்கள்கூட இதையே சொல்கிறார்கள். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

குண்டு வெடிப்பதும் வீடு தீப்பற்றி எரிவதும் ஒன்றல்ல. திரையில் காட்டுகிற ஆரஞ்சு நிறத் தீப்பந்தம் வேடிக்கைக்காகப் பெட்ரோல் ஊற்றிச் செய்வது. ஆர்.டி.எக்ஸ். போன்ற வெடிமருந்தில் வெடிப்பலை நொடிக்கு 8 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடி முடிந்துவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் பொருள் எரிந்து சாம்பலாவதற்கு நேரமே கிடைப்பதில்லை. அது உடைகிறது, நசுங்குகிறது, கிழிகிறது, தூக்கி எறியப்படுகிறது. பேட்டரியின் தகட்டு உறை, வயரின் ஒரு முனை, சுவிட்சின் நெம்புகோல், ஈயப்பற்று வைத்த சின்னத் துண்டு, சுற்றிக் கட்டிய டேப்பின் பிசிறு, அடைத்து வைத்த டப்பாவின் விளிம்பு, நாட்டு வெடிகுண்டு என்றால் சணலும் ஆணியும் கண்ணாடிச் சில்லும் என்று எல்லாம் எங்கேயோ விழுந்து கிடக்கும். கூரை ஓட்டுக்கு மேலே, சாக்கடைக்குள், எதிர்வீட்டுத் துளசி மாடத்தில், காயம்பட்டவரின் தொடைச் சதைக்குள்.

வெடிமருந்தும் முழுமையாகத் தீர்ந்துவிடுவதில்லை. வினைபுரியாத துகள்களும் எஞ்சிய உப்புகளும் தகரத்திலும் சுவரிலும் மண்ணிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த உப்புகளில் பல தண்ணீரில் கரைபவை. நைட்ரேட் கரையும், குளோரேட் கரையும். ஒரு லாரித் தண்ணீர் போதும், என்ன மருந்து என்று சொல்லக்கூடிய அத்தனையும் சாக்கடையோடு போய்விடும். மேலே தூவிய பிளீச்சிங் பவுடரோ தன் பங்குக்குக் குளோரின் சேர்மங்களைக் கொண்டுவந்து எங்கள் சோதனையைக் குழப்பும். தீ எரிந்தால் அணைத்துத்தான் ஆக வேண்டும். தீயணைப்புத் துறையினர் அடிக்கும் தண்ணீரை நான் குறை சொல்லவில்லை. தீ அணைந்த பிறகு தரையைச் சுத்தம் செய்கிறேன் என்று ஊற்றுகிற தண்ணீர்தான் வயிற்றெரிச்சல்.

1984 அக்டோபர் 12, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம். கட்சி மாநாட்டுக்காக வந்திருந்த பிரதமர் மார்கரெட் தாட்சர் கிராண்ட் ஹோட்டலில் தங்கியிருக்கிறார். அதிகாலை 2.54 மணிக்குக் குண்டு வெடிக்கிறது. பெரிய புகைபோக்கி இடிந்து மாடி மாடியாகத் துளைத்துக்கொண்டு கீழே விழுகிறது. ஐந்து பேர் இறந்தார்கள். மாநாட்டு உரையைத் திருத்திக்கொண்டு விழித்திருந்த தாட்சர் தப்பினார். அவருடைய அறைத்தொகுதியின் குளியலறை சேதமடைந்தது. மறுநாள் காலையில் அந்தக் கட்டடத்தின் முகப்பைப் பார்த்த எவரும் "இனி இதில் என்ன கிடைக்கும்" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அங்கே செய்தது என்ன தெரியுமா? இடிபாட்டை அள்ளிக் கொட்டவில்லை. எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்று பிரித்துப் பிரித்துச் சல்லடையில் சலித்தார்கள். நாள் கணக்கில் அல்ல, வாரக் கணக்கில். குண்டு ஆறாவது மாடியில் 629ஆம் எண் அறையின் குளியலறையில் வைக்கப்பட்டது என்று தெரிந்தது. கடிகாரப் பாகங்களின் துண்டுகள் கிடைத்தன. பல வாரங்களுக்கு முன்பே நேரம் குறித்து வைத்துவிட்டுப் போகக்கூடிய கருவி அது. ஆகவே அன்றைய விருந்தினர்களை மட்டும் விசாரித்துப் பயனில்லை. முந்தைய வாரங்களில் அந்த அறையில் தங்கிய ஒவ்வொருவரையும் நாடு நாடாகத் தேடிப் பிடித்து, "நீங்கள் இல்லை" என்று ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தார்கள். செப்டம்பர் நடுவில் தங்கிய "ராய் வால்ஷ்" என்ற ஒரே ஒரு பெயருக்கு மட்டும் ஆள் இல்லை. அவர் கையெழுத்திட்ட விடுதிப் பதிவு அட்டையில் உள்ளங்கை ரேகை பதிந்திருந்தது. அது ஐரிஷ் குடியரசுப் படையைச் சேர்ந்த பேட்ரிக் மாகியின் இளம்வயதுக் காவல்துறைப் பதிவோடு பொருந்தியது. 1985 ஜூனில் கிளாஸ்கோவில் பிடித்தார்கள். 1986இல் தண்டனை.

என் பயிற்சி வகுப்புகளில் இந்த வழக்கைச் சொல்லும்போது மாணவர்களுக்கு ரேகைதான் பிடிக்கும். எனக்குப் பிடிப்பது சல்லடை. குண்டு எந்த அறையில் இருந்தது என்று இடிபாடு சொல்லாமல் இருந்திருந்தால், எந்த அட்டையைச் சோதிப்பது?

நம் மண்ணிலேயே இல்லாத உதாரணமா? 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அது முயற்சியாக நிற்கவில்லை, உயிரைப் பறித்துவிட்டது. இருட்டு, நெரிசல், ஓலம். அதற்கு நடுவிலும் இறந்து கிடந்த ஒரு புகைப்படக்காரரின் கேமரா தப்பியிருந்தது. உள்ளே இருந்த பிலிம் சுருளின் பத்துப் படங்களில் கையில் சந்தன மாலையோடு நின்ற பெண்ணும், குர்தா அணிந்து குறிப்பேட்டோடு நின்ற ஆணும் பதிவாகியிருந்தார்கள். மத்தியப் புலனாய்வுத் துறையின் சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு முதல் வாசலைத் திறந்துவிட்டது அந்த கேமரா. துணித் துண்டுகளையும் வயர்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்துத்தான் அது உடலில் அணிந்து வந்த குண்டு என்று நம் தமிழ்நாட்டுத் தடயவியல் ஆய்வாளர்கள் சொன்னார்கள். அந்த கேமராவை அன்றிரவு யாராவது "பாவம், இறந்தவருடைய பொருள்" என்று எடுத்துப் போயிருந்தால்? நினைக்கும்போதே எனக்கு உடல் பதறுகிறது.

எனவே தயவுசெய்து கேளுங்கள். குண்டு வெடித்த இடத்திற்கு ஓடாதீர்கள். காயம்பட்டவரைத் தூக்குவதற்காகப் போகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அங்கே வேலை இல்லை. உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஒருவரைக் காப்பாற்ற நூறு தடயங்களை மிதித்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பிறகு திரும்பப் போகாதீர்கள். இன்னொரு குண்டு இருக்கலாம். 1998 பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் அத்வானி பேச வேண்டிய நாளில் குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல இடங்களில் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள். வெடிக்காத குண்டுகள் அதற்குப் பிறகும் கண்டெடுக்கப்பட்டன. வெடித்த இடத்தைச் சுற்றி நின்று கைப்பேசியில் படம் எடுக்கும் ஒவ்வொரு தம்பியையும் பார்க்கும்போது எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது.

காவல்துறை நண்பர்களுக்கும் ஒரு சொல். கயிறு கட்டுவது பள்ளத்தைச் சுற்றி அல்ல. மிகத் தொலைவில் கிடைத்த துண்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதைவிட ஒன்றரை மடங்கு தூரத்தில். 100 மீட்டரில் ஓர் ஆணி கிடந்தால் 150 மீட்டரில் கயிறு. கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், பெரிய மனிதர்கள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரப் பார்ப்பார்கள். தெரியும். என்றாலும் விடாதீர்கள். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் போக வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. மாநிலங்கள் அதைச் செயல்படுத்த ஐந்தாண்டு அவகாசமும் தருகிறது. நிபுணர் வருவார். கழுவிய தரையைப் பார்க்கவா வருவார்?

மருத்துவமனையில் இருப்பவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். காயம்பட்டவரின் உடையைக் கத்தரிக்கும்போது ஓட்டை விழுந்த இடத்தை விட்டுப் பக்கத்தில் கத்தரியுங்கள். அந்த உடையைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். உடலிலிருந்து எடுக்கும் ஆணியோ தகட்டுத் துண்டோ எதுவானாலும் கழுவாமல் தனித்தனியாக வைத்து, யாரிடமிருந்து, எந்தக் காயத்திலிருந்து எடுத்தது என்று எழுதிக் காவல்துறையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஓட்டுநரின் காற்சட்டை அன்று எரியூட்டும் குப்பையோடு போய்விட்டது. வெடித்த பொருளுக்கு மிக அருகில் இருந்த துணி அதுதான்.

வெடிக்காத மர்மப் பொருளைக் கண்டால் செய்ய வேண்டியதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். தொடாதே, நகர்த்தாதே, அதன் மேல் மண்ணோ தண்ணீரோ ஊற்றாதே. முதலில் விலகிப் போ, பக்கத்தில் இருப்பவர்களையும் விலக்கு, சுவர் மறைவுக்குப் போன பிறகு 112ஐ அழை. எங்கே, எப்படி இருக்கிறது, யார் வைத்ததைப் பார்த்தாய் என்று சொல். அவ்வளவுதான். 2011 அக்டோபர் 28 அன்று மதுரை திருமங்கலம் அருகே ஆலம்பட்டியில், அத்வானியின் யாத்திரை போகவேண்டிய வழியில் ஒரு சிறு பாலத்தின் அடியில் குழாய்க் குண்டு இருந்தது. வண்டி வருவதற்கு முன்பே அது கண்டுபிடிக்கப்பட்டுச் செயலிழக்க வைக்கப்பட்டது. பயண வழி மாற்றப்பட்டது. ஒரு துண்டும் சிதறாத குண்டு எங்கள் மேசைக்கு வருவது எவ்வளவு பெரிய பேறு என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

கைப்பேசியில் படம் எடுத்தவர்கள் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அனுப்பும்போதே படம் சுருங்கிவிடும், நேர விவரமும் போய்விடும். மூலப் பதிவை அழிக்காமல் வைத்திருந்து விசாரணை அதிகாரியிடம் காட்டுங்கள். "இவன்தான் குண்டு வைத்தவன்" என்று யாருடைய முகத்தையாவது வட்டமிட்டுப் பரப்பாதீர்கள். நாளைக்கு அடையாள அணிவகுப்பில் சாட்சி அடையாளம் காட்டினால், நேரில் பார்த்த முகத்தைக் காட்டினாரா, கைப்பேசியில் பார்த்த முகத்தைக் காட்டினாரா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். நியாயமான கேள்வி அது. நிரபராதி ஒருவரின் வாழ்க்கையும் அந்த வட்டத்துக்குள் சிக்கிக்கொள்ளும்.

அந்தத் தெருவுக்கே திரும்புகிறேன். எல்லா வாசலும் கழுவப்பட்டிருந்தபோது ஒரு வீட்டு வாசல் மட்டும் காய்ந்து கிடந்தது. வயதான அம்மா ஒருவர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் குறுக்கே போட்டு, லாரிக்காரரை அண்டவிடாமல் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். "போலீஸ்காரங்க பாக்காம எப்படிப்பா கழுவுறது" என்றார். திண்ணை ஓரத்தில் ஏதோ பறந்து வந்து விழுந்ததைப் பார்த்தவர், அதைத் தொடாமல் மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார். கூடையைத் தூக்கிப் பார்த்தபோது என் மாணவருக்குக் கண் கலங்கிவிட்டது. வழக்கு விசாரணையில் இருக்கிறது, ஆகவே அது என்ன என்று சொல்ல மாட்டேன். பாதி உடைந்த பொருள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மீதிப் பாதி இன்னும் கிடைக்கவில்லை. அன்றிரவு அந்தத் தெருவிலிருந்து எதையாவது எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள், வீட்டில் பிள்ளைகள் ஏதாவது பொறுக்கி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் கையால் தொடாமல், இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். வந்து எடுத்துக்கொள்வார்கள்.