வெர்மீரைத் தேய்க்காதீர்கள்: குவாஷில் முகம் வரையப் பழகுவோருக்கு

மறுபடியும் அதே படம். டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துத் தோடு அணிந்த பெண்'ணைப் பார்த்து நீங்கள் குவாஷில் வரைந்த நகல், கன்னமெல்லாம் சாம்பல் பூத்து, தாளே நார்நாராகக் கிளம்பி. என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "நிழலும் வெளிச்சமும் ஒண்ணாச் சேரணும்னு ஈர பிரஷ்ஷால தேய்ச்சேன்."

சேராதுங்க. 1665 வாக்கில் வெர்மீர் வரைந்தது எண்ணெய் வண்ணத்தில். அது காய நாளாகும், அதுவரை ஓரங்களை இழுத்து மென்மையாக்கலாம். குவாஷ் தண்ணீரில் கரைத்துப் பூசும், அடியை மறைக்கும் வண்ணம்; சில நிமிடங்களில் காயும், காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். தேய்க்கத் தேய்க்க அடியிலுள்ள நிழல் கிளம்பி வெளிச்சத்தோடு கலந்து சேறாகும். அதை மறைக்க வெள்ளையை அப்புவீர்கள், முகம் இன்னும் வெளிறும்.

கலப்பதெல்லாம் தட்டோடு முடிய வேண்டும். மஞ்சள் ஆக்கர், வெர்மிலியன் (பளிச்சென்ற சிவப்பு), டைட்டானியம் வெள்ளை, நிழலுக்கு பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) துளி அல்ட்ராமரீனும் (அடர்நீலம்). இவற்றிலிருந்து வெளிச்சம் முதல் நிழல் வரை ஐந்து படிகள், நீர்த்த தோசைமாவுப் பதத்தில். ('ஸ்கின் கலர்' என்று விற்கும் புட்டியைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.) ஒவ்வொன்றையும் துண்டுத்தாளில் தீற்றி, காய்ந்த பிறகு பாருங்கள். பொதுவாக வெளிர் நிறங்கள் சற்று அடர்ந்தும், அடர் நிறங்கள் சற்று வெளிறியும் காயும். ஈர வண்ணத்தை மொபைல் திரையில் தெரியும் மூலப் படத்தோடு ஒப்பிட்டு என்ன பயன்?

300 ஜிஎஸ்எம் தடிமத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். படிகளை அடுத்தடுத்து வையுங்கள். ஓரம் உறுத்தினால் இடைநிறத்தில் ஒரே தீற்று, அதோடு கையை எடுத்துவிடுங்கள்.

மூலத்தை உற்றுப் பாருங்கள். ஒளி படும் பக்கம் மூக்குத்தண்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே கோடே கிடையாது. நீங்கள்தான் போடுகிறீர்கள். முத்தும் அப்படித்தான்: மேலே இடப்பக்கம் தடித்த ஒரு வெள்ளைத் தீற்று, கீழே வெள்ளைக் காலரின் மங்கிய பிரதிபலிப்பு. வட்டமும் இல்லை, கொக்கியும் இல்லை.

பின்னணிக்கு ட்யூப் கறுப்பை அப்படியே பூச வேண்டாம். அங்கே பச்சைத் திரை இருந்ததை இந்த ஓவியத்தை வைத்திருக்கும் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகம் 2018இல் தொடங்கிய ஆய்வு காட்டியது. கறுப்பில் கொஞ்சம் பச்சை சேருங்கள். வண்ணத்தைத் தடிமனாக ஏற்றினால் காய்ந்ததும் வெடிப்பு விடும்.

பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். சில சிவப்பு, மஞ்சள் ட்யூப்களில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது. முடித்த படத்துக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள், நிறம் இருண்டுவிடும். கண்ணாடிச் சட்டம் போடுங்கள், ஆனால் கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள்.