பெடல் ஸ்டீல் கிட்டார்: இந்தப் பெயரில் எஃகு எங்கே இருக்கிறது?

பழைய அமெரிக்கக் கன்ட்ரி இசைத் தொலைக்காட்சிப் பதிவுகளைத் தேடிப் பார்க்கிறவர்களுக்கு என்றைக்காவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். பாடகர் நடுவில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒருவர் சின்ன மேசை போன்ற ஒன்றின் முன் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி வாசிக்கிறார். பாட்டின் உருக்கமே அவர் கையிலிருந்துதான் வருகிறது. ஆனால் அவர் பெயர் திரையில் வருவதில்லை. யார் அவர்?

கர்நாடக இசைக் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர்களின் பெயர் அழைப்பிதழில் இருக்கும், வானொலி அறிவிப்பிலும் வரும். கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகரத்தின் வழக்கத்தில் அப்படி இல்லை. அதனால் பல பெரிய கலைஞர்கள் முகம் தெரிந்தும் பெயர் தெரியாதவர்களாக நின்றுவிட்டார்கள். அவர்களை அடையாளம் காண்பதற்கு முதல் படி, அவர்கள் வாசிக்கும் கருவியின் பெயரைச் சரியாகப் புரிந்துகொள்வது. தமிழில் அந்தப் பெயரை எழுதும்போதுதான் குழப்பமே தொடங்குகிறது.

'ஸ்டீல் கிட்டார்' என்றதும் கம்பிகள் எஃகால் ஆனவை என்று நினைப்பது இயல்பு. ஆனால் சாதாரணக் கிட்டார்கள் பலவற்றிலும் எஃகுக் கம்பிகள்தான். கருவியின் உடலும் எஃகு இல்லை, பெரும்பாலும் மேப்பிள் மரம். வாசிப்பவரின் இடக்கையில் ஓர் உருளை இருக்கிறதே, அதுதான் இந்தப் பெயரில் உள்ள ஸ்டீல். கம்பியை விரலால் அழுத்துவதற்குப் பதிலாக இந்த எஃகு உருளையைக் கம்பிகள் மேல் வைத்து வழுக்கிக்கொண்டு போகிறார்கள். உலோகத்தின் பெயர் அதில் செய்த பொருளுக்கு ஆகி, அப்புறம் அந்தப் பொருளால் வாசிக்கும் கருவிக்கும் வந்துவிட்டது. ஆகுபெயர் நமக்குப் புதிதில்லை. சங்கப் பாடல்களில் 'எஃகம்' என்றால் வேல்.

பெயர் பிறந்த இடம் ஹவாய். ஓவாஹு தீவின் லாயியே என்ற ஊரில் 1874-இல் பிறந்த ஜோசப் கெகுகு, பள்ளி மாணவராக இருந்தபோதே இந்த முறையை உருவாக்கினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. கையில் கிடைத்த இரும்புத் துண்டு, சீப்பு, கத்தியின் முதுகு என்று ஒவ்வொன்றாகக் கம்பியில் வைத்துப் பார்த்து, கடைசியில் எஃகு உருளைக்கு வந்தார் என்பார்கள். உருளை, மெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த கட்டைகளில்) இடிக்காமல் இருக்கக் கம்பிகளை உயர்த்திக் கட்டினார்கள். கிட்டாரை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். ஹவாய் மொழியில் இதற்கு 'கீகா கிலா' என்று பெயர். கீகா என்றால் கிட்டார், கிலா என்றால் எஃகு. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் ஹவாய் இசை மோகம் பிடித்தது. தென்மாநில கிராமிய இசைக்காரர்கள் கைக்கும் இந்தக் கருவி வந்து சேர்ந்தது.

1930களின் தொடக்கத்தில் மின்சாரம் வந்தது. ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்ற, 'வாணலி' என்று செல்லப்பெயர் பெற்ற மின்சாரக் கிட்டார் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் வகைதான். மின்சாரக் கிட்டாரின் வரலாறே ஸ்டீல் கிட்டாரில் தொடங்குகிறது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. மின்சாரம் வந்த பிறகு ஒலிக்கூடு தேவையில்லை. கருவி பலகை வடிவமானது, கால்கள் முளைத்தன, ஒரே சட்டத்தில் இரண்டு மூன்று கழுத்துகள் வந்தன. ஒவ்வொரு கழுத்துக்கும் வேறு சுருதி அமைப்பு. ஹாங்க் வில்லியம்ஸின் பாடல்களில் உயரத்தில் கேட்கும் அந்த அழுகைக் குரலைத் தந்த டான் ஹெல்ம்ஸ் வாசித்தது இப்படிப்பட்ட, பெடல் இல்லாத கிப்சன் கருவிதான். அவரைப் 'பெடல் ஸ்டீல் கலைஞர்' என்று எழுதுவது பிழை.

பெடல் எதற்கு வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தக் கருவியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உருளை நேரானது. அதை நகர்த்தினால் எல்லாக் கம்பிகளும் ஒரே அளவு ஏறும், ஒரே அளவு இறங்கும். சாய்த்துப் பிடித்தால் ஓரளவு மாற்றம் கிடைக்கும், அவ்வளவுதான். ஒரு கம்பி மட்டும் ஏற வேண்டும், பக்கத்துக் கம்பி அசையக் கூடாது என்றால் உருளையால் முடியாது. அதற்காகக் கருவியின் அடியில் தண்டுகளும் நெம்புகோல்களும் வைத்து, காலால் மிதித்தால் குறிப்பிட்ட கம்பி மட்டும் இறுகும்படி செய்தார்கள். இன்று நாஷ்வில்லில் வழங்கும் 'ஈ9' என்ற பத்துக் கம்பி அமைப்பில் ஈ, ஜி ஷார்ப், பி என்ற மூன்று சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும்போது முதல் இரண்டு பெடல்களை மிதித்தால் ஜி ஷார்ப் என்பது ஏ ஆகும், பி என்பது சி ஷார்ப் ஆகும், ஈ மட்டும் அப்படியே நிற்கும். உருளை இம்மி நகராமல் ஒரு ஸ்வரக்கூட்டு இன்னொன்றுக்குள் கரைந்து போகிறது. பிற்பாடு முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் சேர்ந்தன. ஆக இரண்டு கை, இரண்டு பாதம், இரண்டு முழங்கால் எல்லாவற்றுக்கும் வேலை. வலப்பாதம் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தனி மிதியில் இருக்கும்.

கிப்சன் நிறுவனம் 1940 வாக்கிலேயே எலெக்ட்ராஹார்ப் என்ற பெடல் கருவியைக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவில் பால் பிக்ஸ்பி 1948-இல் ஸ்டீல் கலைஞர் ஸ்பீடி வெஸ்டுக்கு ஒன்று செய்து கொடுத்தார். ஆனால் இந்தக் கரைதலை நாடே கேட்டது வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாடலில்தான். 1953-இன் கடைசியில் பதிவாகி 1954-இல் பெரும் வெற்றி பெற்ற அந்தப் பாட்டில், ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பட் ஐசக்ஸ் பெடலை மிதித்தார். அதைக் கேட்ட ஸ்டீல் கலைஞர்கள் பலர் தங்கள் கருவியிலும் பெடல் மாட்ட ஓடினார்கள். அடையாளம் காண்பதற்கும் இது உதவும்: ஒரு சுரம் நிலையாக நிற்க, இன்னொன்று அதை நோக்கி வளைந்து வருவது காதில் விழுந்தால், வாசிப்பவர் பெரும்பாலும் ஐசக்ஸுக்குப் பிந்திய தலைமுறை.

சரி, சொற்களுக்கு வருவோம். பெடல் என்பது பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. தேவாலயங்களின் பெரிய ஆர்கனில் காலால் அழுத்தும் கட்டைகளுக்கு வழங்கி, பிறகு சைக்கிள் வரை பரவியது. தமிழில் 'மிதி' இதற்குக் கச்சிதமான சொல், மிதிவண்டியில் ஏற்கெனவே பழகியதுதான். கிட்டார், கிரேக்கக் கித்தாராவில் கிளம்பி அரபு, ஸ்பானியம் வழியாக வந்த சொல். அதை மாற்றத் தேவையில்லை.

சிக்கல் ஸ்டீலில்தான். 'எஃகுக் கிட்டார்' என்றால் எஃகுக் கம்பி போட்ட கிட்டார் என்றே வாசகர் புரிந்துகொள்வார். 'வழுக்குக் கிட்டார்' என்றால் புட்டிக் கழுத்தை விரலில் மாட்டி, கிட்டாரை நிமிர்த்திப் பிடித்து வாசிக்கும் ப்ளூஸ் முறையோடு கலந்துவிடும். 'ஹவாய் கிட்டார்' நம் நாட்டில் நன்கு அறிமுகமான பெயர், ஆனால் அது பெடல் இல்லாத பழைய வகையைக் குறிக்கிறது. ஸ்டீலை விட்டுவிட்டு 'மிதி கிட்டார்' என்றால் இன்னும் மோசம். மின்சாரக் கிட்டார்க்காரர்கள் காலடியில் வைத்திருக்கும் ஒலிமாற்றுப் பெட்டிகளுக்கும் பெடல் என்றுதானே பெயர்?

இதற்கு விடை நம் இசையிலேயே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கோட்டுவாத்தியம், இப்போது பெரும்பாலும் சித்திரவீணை என்கிறோம். மெட்டுகள் இல்லாத வீணை. இடக்கையில் ஒரு மர உருளையைப் பிடித்துக் கம்பிகள் மேல் வழுக்கி வாசிப்பது. திருவிடைமருதூர் சகாராம ராவ் கச்சேரி மேடையில் அதற்கு இடம் பிடித்துத் தந்தார். 'கோடு' என்றால் கொம்பு, கிளை. அந்த மரத்துண்டால் வாசிப்பதால் கோட்டுவாத்தியம் என்று விளக்கம் சொல்வதுண்டு. ஹவாய்க்காரர்கள் கருவிக்குப் பெயர் வைத்ததும் இதே வழியில்தான், கையில் இருக்கும் பொருளை வைத்து. இரண்டுக்கும் வரலாற்று உறவு இருப்பதாக நான் சொல்லவில்லை. பெயரிடும் முறை ஒன்று, வாசிக்கும் முறையும் ஒன்று என்கிறேன்.

ஆகவே ஸ்டீல் கிட்டாரைக் 'கோட்டுக் கிட்டார்' எனலாம். மடியில் வைப்பது மடிக் கோட்டுக் கிட்டார். பெடல் ஸ்டீல், மிதிக் கோட்டுக் கிட்டார். கோடு மரம்தானே, எஃகு இல்லையே என்று கேட்கலாம். இன்று சித்திரவீணையையே செயற்கைப் பொருள் உருளையால் வாசிக்கிறார்கள், பெயர் கெட்டுவிடவில்லை. கட்டுரையில் முதல் தடவை 'பெடல் ஸ்டீல் கிட்டார்' என்று எழுதிவிட்டு, பிறகு தமிழ்ப் பெயரைப் பயன்படுத்தினால் யாருக்கும் குழப்பம் வராது. இன்னொன்று: கன்ட்ரி இசையை 'நாட்டுப்புற இசை' என்று மொழிபெயர்க்க வேண்டாம். அது இசைத்தட்டுத் தொழிலோடு வளர்ந்த தனி வகை, கன்ட்ரி இசை என்றே இருக்கட்டும்.

இந்தப் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு பழைய ஒளிப்பதிவைப் பார்த்தால் கேள்விகள் தாமாக வரிசைக்கு வரும். முதலில் கருவி. கால்களுக்கு நடுவே மிதிகளும், அவற்றிலிருந்து மேலே போகும் மெல்லிய தண்டுகளும் தெரிகின்றனவா? தெரியாவிட்டால் அது மிதி இல்லாத வகையாக இருக்கலாம். முன்பலகையில் பெயர் இருக்கிறதா? பிக்ஸ்பி செய்த கருவியில் ஸ்பீடி வெஸ்டின் பெயரே பொறித்திருக்கும். விரல்பலகையில் சீட்டுக்கட்டின் ஸ்பேட், ஹார்ட்டின், டைமண்ட், கிளாவர் சின்னங்கள் இருந்தால் ஷோ-பட். ஷாட் ஜாக்சன், பட்டி எம்மன்ஸ் என்ற ஸ்டீல் கலைஞர்கள் இருவர் பெயரையும் ஒட்டவைத்து 1950களின் பிற்பாதியில் தொடங்கிய நிறுவனம் அது. எம்மன்ஸ் பிரிந்துபோய்த் தன் பெயரில் நிறுவனம் தொடங்கியது 1963-இல். எனவே அந்தப் பெயர் பொறித்த கருவி தெரிந்தால் பதிவு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பாதங்களையும் கவனியுங்கள். எம்மன்ஸ் வழக்கத்தில் ஏ, பி, சி என்று பெயரிட்ட மிதிகள் அதே வரிசையில் இடமிருந்து வலமாக இருக்கும். இன்னொரு ஸ்டீல் கலைஞரான ஜிம்மி டே வழக்கத்தில் அப்படியே தலைகீழ். இது மட்டும் ஆளைக் காட்டிக்கொடுக்காது, பட்டியலைக் குறுக்கும்.

அடுத்தது நிகழ்ச்சி. இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். இசைத்தட்டில் வாசித்தவரே திரையிலும் வாசிக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாஷ்வில்லில் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஒரு குழு, ஊர் ஊராகப் போவதற்கு ஒரு குழு, தொலைக்காட்சிக்கு அந்த நிகழ்ச்சியின் குழு. கோனி ஸ்மித்தின் 1964-ஆம் ஆண்டு வெற்றிப் பாடலில் வாசித்தவர் வெல்டன் மைரிக். அதே பாடலைக் கோனி ஸ்மித் விருந்தினராகப் போய்ப் பாடும் நிகழ்ச்சியில் பின்னால் இருப்பவரும் மைரிக்தான் என்று கொள்ள முடியாது. போர்ட்டர் வேகனர் நிகழ்ச்சி என்றால் முதலில் டான் வார்டனைத்தான் நினைக்க வேண்டும், விருந்தினர் யாராக இருந்தாலும். பக் ஓவன்ஸ் விதிவிலக்கு. தன் பக்கரூஸ் குழுவையே இசைத்தட்டிலும் மேடையிலும் வைத்துக்கொண்டார். அதனால் 1960களின் நடுப்பகுதிப் பதிவுகளில் டாம் பிரம்லியின் பெயரைத் துணிந்து சொல்லலாம். பிரம்லி 1969-இல் விலகினார். அதற்குப் பிந்திய பதிவு என்றால் வேறு ஆள்.

வேகனர் நிகழ்ச்சியில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஸ்டீல் போலவே வளைந்து வரும் ஒலி கேட்கும், ஆனால் வாசிப்பவர் நின்றுகொண்டிருப்பார். அது பக் ட்ரென்டின் மின்சார பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம். அதைச் செய்து கொடுத்தவரும் அதே ஷாட் ஜாக்சன்தான். காதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

சில பாடகர்கள் நமக்கு உதவியே செய்திருக்கிறார்கள். பாப் வில்ஸ் 1936-இல் பதிவான ஸ்டீல் கிட்டார் இசையில் வாசிப்பவரை 'லியான்' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். லியான் மெக்காலிஃப் அழியாப் புகழ் பெற்றது அந்த ஒரு அழைப்பால். எர்னஸ்ட் டப்புக்கும் தன் கலைஞர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் உண்டு. ஆனால் அவர் குழுவில் 1962 வரை இருந்தவர் பட்டி எம்மன்ஸ், அந்த ஆண்டு வந்து சேர்ந்தவர் பட்டி சார்ல்டன். 'பட்டி' என்று மட்டும் காதில் விழுந்தால் போதாது, ஆண்டும் தெரிய வேண்டும். டப்பின் சொந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சி 1960களின் நடுவில் வந்தது, ஆகவே அதில் இருப்பவர் சார்ல்டன்.

வாசிப்பவர் ஆணாகத்தான் இருப்பார் என்றும் முடிவு கட்ட வேண்டாம். கலிஃபோர்னியாவின் 'டவுன் ஹால் பார்ட்டி' நிகழ்ச்சியில் ஸ்டீல் வாசித்தவர் மேரியன் ஹால் என்ற பெண்மணி. பின்னாளில் பெரும் பாடகியான பார்பரா மாண்ட்ரெல் சிறுமியாக ஸ்டீல் வாசித்துத்தான் தொலைக்காட்சியில் அறிமுகமானார்.

பதிவுக்குக் குறிப்பு எழுதும்போது பெயர், கருவியின் வகை, நிகழ்ச்சி, ஆண்டு நான்கையும் தாருங்கள். 'பட்டி சார்ல்டன், மிதிக் கோட்டுக் கிட்டார், எர்னஸ்ட் டப் நிகழ்ச்சி, 1960களின் நடுப்பகுதி' என்று எழுதலாம். மிதி இருக்கிறதா என்று படத்தில் தெரியாவிட்டால் வெறும் 'கோட்டுக் கிட்டார்' என்று எழுதுவதே சரி.