கால்சியத்தை விடாத மாத்திரை

கொங்குப் பக்கத்தில் போர் தண்ணீரைச் சுடவைக்கும் வீடுகளில் கீசர் கம்பியைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். பாய்லரில் அப்படிப் படிந்தால் எரிபொருள் செலவு கூடும், குழாயும் அடைக்கும். அதைத் தடுக்கத் தண்ணீரில் பாஸ்பனேட் வகை வேதிப்பொருள்களைக் கொஞ்சமாகக் கலப்பார்கள். அவற்றில் ஒன்று எச்.இ.டி.பி.; துணியை வெளுக்கும் வேலைக்கும் அது உதவுகிறது. அதே மூலக்கூறுக்கு மருத்துவத்தில் எடிட்ரோனேட் என்று பெயர். எலும்பு பலமிழந்து எளிதில் முறியும் எலும்புப் புரை நோய்க்கு இன்று அதிகம் எழுதித் தரப்படும் அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் இரண்டும் அதன் பங்காளிகள்தான்.

1960களில் சுவிட்சர்லாந்தில் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் என்பவர், சிறுநீரில் இருக்கும் பைரோபாஸ்பேட் கால்சியம் படிகங்களை வளரவிடாமல் தடுப்பதைக் கவனித்தார். அதையே மருந்தாக வாயில் கொடுத்தால் உடல் உடைத்துவிடுகிறது. உடையாத மாற்றைத் தேடியபோது, அதுவரை தொழிற்சாலைகளில் புழங்கிய, எச்.இ.டி.பி. போன்ற பிஸ்பாஸ்பனேட்டுகள் அகப்பட்டன. கால்சியத்தைக் கண்டால் பற்றிக்கொள்வது இவற்றின் குணம். மாத்திரை அட்டையோடு டாக்டர் சொல்லும் விசித்திரமான கட்டளைகள் பெரும்பாலும் இந்த ஒரு குணத்திலிருந்துதான் வருகின்றன.

எலும்பு சும்மா கிடக்கும் கல் அல்ல. அதை அரிக்கும் செல்களும் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுக்க அங்கே வேலை செய்கின்றன. அரிக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்றதும் அது சரிகிறது; கட்டுவதை அரிப்பது முந்துகிறது. ஸ்கேனில் டி-ஸ்கோர் (எலும்பின் அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதினரோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப் புரை என்கிறோம். வலி எதுவும் இருக்காது. வாசலில் வழுக்கி இடுப்பு முறிந்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

மருந்து இரத்தத்தில் கலந்ததும் எலும்பின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. அரிக்கும் செல் அமிலத்தைச் சுரந்து எலும்பைக் கரைக்கும்போது மருந்தையும் சேர்த்து விழுங்குகிறது. உள்ளே போன மருந்து அந்தச் செல்லுக்கு அவசியமான ஒரு நொதியை முடக்க, அது செயலிழந்து சாகிறது. எலும்பைத் தின்னாத செல்களுக்கு அவ்வளவு பாதிப்பில்லை. ஆக, பலர் நினைப்பதுபோல இது எலும்பை வளர்க்கும் மாத்திரை அல்ல; அரிப்பை நிறுத்தும் மாத்திரை.

“ராகிக் கூழோட போட்டுக்கிட்டாச் சத்துச் சேருமில்லீங்க?” என்று அம்மாயிகள் கேட்பார்கள். சேராது. ராகியில் கால்சியம் அதிகம் என்பதே இங்கே சிக்கல். வெறும் வயிற்றில் விழுங்கினாலே இந்த மாத்திரையில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் உடலில் சேர்கிறது. கூழோ பாலோ காப்பியோ கூடப் போனால் அதுவும் போச்சு. கால்சியம் கலந்த போர் உப்புத் தண்ணீரும் வேண்டாம். சிறுவாணி மாதிரி நல்ல தண்ணீர் ஒரு டம்ளர் போதும். ராகியும் கால்சியம் மாத்திரையும் தேவைதான், ஆனால் பிறகு. விழுங்கி அரைமணி நேரம் படுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் வேறு: உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும்.

எலும்போடு ஒட்டிக் கிடப்பதால்தான் அலென்ட்ரோனேட் வாரத்துக்கு 70 மில்லிகிராம் ஒருமுறை போதுகிறது. சோலெட்ரோனிக் அமிலம் வருடத்துக்கு ஒரே டிரிப்ஸ், 5 மில்லிகிராம். 2007இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், மூன்று ஆண்டுகளில் அது முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பு முறிவை 41 சதவீதமும் குறைத்தது. முதல் டிரிப்ஸுக்குப் பிறகு காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். பெரும்பாலும் மூன்று நாளில் அடங்கிவிடும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு இது ஆகாது.

சில ஆண்டுகள் போட்டபின் பலருக்கு இடைவெளி விடுவதும் உண்டு, எலும்பில் சேர்ந்தது அதன்பிறகும் வேலை செய்யும் என்பதால். நீண்டகாலம் போடுகிறவர்களுக்கு அபூர்வமாகத் தொடை எலும்பு விநோதமாக முறிகிறது. காரணமில்லாமல் தொடையிலோ கவட்டியிலோ வலித்தால் மூட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். பல் பிடுங்கப் போனாலும் இந்த மருந்தைச் சொல்லிவிட வேண்டும், தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து அரிதாக உண்டு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசி இதற்கு நேர்மாறு. அரிக்கும் செல்களை உருவாக்கச் சொல்லும் ராங்க்-எல் என்ற புரதத்தை அது பிடித்துவைக்கிறது, எலும்பில் ஒட்டுவதில்லை. ஊசியின் காலம் முடிந்ததும் அரிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பும். முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறிந்தவர்கள் இருக்கிறார்கள். பேத்தி கல்யாண வேலையில் ஊசி தள்ளிப்போவது சாதாரண விஷயமில்லை. நிறுத்தத்தான் வேண்டுமென்றால் பிஸ்பாஸ்பனேட்டுக்கு மாறியாக வேண்டும்.

உண்மையிலேயே எலும்பைக் கட்டும் மருந்துகளும் உண்டு. டெரிபராடைடைத் தினமும் ஊசியாக, வழக்கமாக இரண்டு வருடம் வரை போடுவார்கள். பாராதைராய்டு ஹார்மோனின் ஒரு துண்டுதான் அது. அந்த ஹார்மோன் ஓயாமல் அதிகமாகச் சுரந்தால் எலும்பு கரையும்; நாளுக்கு ஒருமுறை சட்டென ஏறி இறங்கினால் எலும்பு வளரும். விலை அதிகம் என்பதால் முறிவு ஆபத்து மிகுந்தவர்களுக்கே பெரும்பாலும் எழுதுகிறார்கள். ஊசிகள் முடிந்ததும் பிஸ்பாஸ்பனேட் போன்ற ஒரு மருந்தைத் தொடர வேண்டும். அப்படியே விட்டால் காசு கொடுத்துக் கட்டிய எலும்பு மெல்லக் கரைந்துவிடும்.