பயிருக்கு இறைக்கும் நீர்: சட்டம் எதுவரை வரும்?

பயிருக்குப் பாயும் நீருக்கும் இலங்கையில் தர அளவு உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2019இல் வந்த நீர்த்தர ஒழுங்குவிதிகள் நீர்நிலைகளைப் பயன்பாட்டின்படி வகை பிரிக்கின்றன. குடிநீர், குளிப்பு போல நீர்ப்பாசனமும் அதில் ஒரு வகை. உள்நாட்டு நீர்நிலையை மாசுபடுத்துவது இதே சட்டத்தின்படி குற்றம். பெரிய ஆலைகள் கழிவுநீரை வெளியே விடுவதற்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும்.

ஆகவே வாய்க்காலில் நாற்றமடிக்கும் நீர் வந்தால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமோ பிரதேச செயலகத்தின் சுற்றாடல் உத்தியோகத்தரிடமோ முறையிடலாம். கமக்காரர் அமைப்பின் பெயரில் எழுத்தில் கொடுங்கள். தனியாளின் முறைப்பாட்டை விட அதற்குக் கனம் கூட. பிரதியொன்று, 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாய்ச்சும் சிறு குளமென்றால் கமநல சேவை நிலையத்துக்கும், இரணைமடு போன்ற பெருங்குளமென்றால் அதைப் பராமரிக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் போகட்டும். (மருந்து டாங்கியை வாய்க்காலில் அலசும் நாமும் இந்தச் சட்டத்துக்குள்தான்.)

ஆனால் பூநகரிப் பக்கமும் மன்னார்க் கரையோரமும் தோட்டம் செய்பவருக்குப் பெரிய தலையிடி ஆலைக் கழிவு அல்ல, உவர். அதற்கு யார்மேல் முறையிடுவது? கிணற்று நீரைப் பரிசோதித்து, அதற்கேற்ற பயிரைப் போடுவதுதான் வழி.

நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். மாரி முடிந்த கையோடு எடுத்த நீர் நல்ல பெறுபேறுதான் காட்டும். சிறுபோகம் செய்பவர் ஆவணி வெயிலில், கிணறு வற்றும் நேரத்தில் எடுக்க வேண்டும். பம்பைச் சற்று நேரம் ஓடவிட்டு, அதே நீரால் போத்தலை மூன்று தரம் அலசி, கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். கிணறும் திகதியும் எழுதி ஒட்டுங்கள்.

அறிக்கையில் மின்கடத்துதிறன் என்று மைக்ரோசீமன்ஸில் ஓர் எண் இருக்கும். உப்புக் கூடினால் அதுவும் கூடும். ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் வழிகாட்டியின்படி 700க்குக் கீழே என்றால் கவலையில்லை. 3000ஐத் தாண்டினால் அந்த நீரைப் பாய்ச்சுவதில் கடும் கட்டுப்பாடு வேண்டும். வெங்காயத்துக்கு 800, மிளகாய்க்கு 1000 தாண்டும்போதே விளைச்சல் குறையத் தொடங்கும். நெல் 2000 வரையும் கௌபி 3300 வரையும் தாங்கும். அதாவது 1500 காட்டும் கிணற்றை நம்பி வெங்காயம் வைப்பது நட்டம். கௌபி போட்டால் பயமில்லை. இந்தக் கணக்கெல்லாம் பாய்ச்சும் நீரில் ஒரு பங்கு வேருக்குக் கீழே வடிந்து உப்பைக் கொண்டுபோகும் மண்ணுக்கு. நீர் தேங்கும் காணியில் இதைவிடக் குறைவாகவே தாங்கும்.

சோடியம் உறிஞ்சல் விகிதத்தையும் (கல்சியம், மக்னீசியத்தோடு பார்க்கையில் நீரில் சோடியம் எவ்வளவு என்ற அளவு) கேட்டு வாங்குங்கள். அது கூடினால் களிமண் இறுகி, நீரை உள்ளே விடாது. ஜிப்சம் போடலாம். எவ்வளவு என்பதை மண் பரிசோதனையோடு விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டபின் வாங்குங்கள்.